மறதிக்கு இடம் விட்ட அட்டவணை

நீட் எழுதப்போகும் பிள்ளை இருக்கிற வீட்டில், படிக்கும் மேசைக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். ஜூனில் இயக்கவியல், ஜூலையில் வெப்ப இயக்கவியல், ஆகஸ்டில் மின்னோட்டம் என்று கட்டம் கட்டமாகப் போய், ஏப்ரலில் சிவப்பு மையில் 'ரிவிஷன்' என்று முடியும். மாலையில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இப்படி நிறைய அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஆசையோடு கோடு போட்டிருப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஜூனில் படித்த பாடத்தை அந்தப் பிள்ளை அடுத்துத் தொடுவது பத்து மாதம் கழித்துதான். அதற்குள் அது மறுபடியும் புதுப் பாடமாகிவிடும்.

மறதியை முதன்முதலில் கணக்காக அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளைக் கோத்துத் தானே மனப்பாடம் செய்வார். சிறிது காலம் விட்டு, அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்யும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்ப்பார். 1885-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மறுநாள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் ஆன பிறகும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. அதாவது முதல் நாளில் மளமளவென்று சரிகிறது, பிறகு மெல்லத்தான் தேய்கிறது. பொருளுள்ள பாடம் வெறும் அசைகளைவிட நன்றாகவே நிற்கும். ஆனாலும் சரிவின் போக்கு இதேதான். அதனால்தான் முதல் திருப்பிப் பார்த்தலை மறுநாளே வைக்கச் சொல்கிறேன்.

சரி, அப்புறம் எப்போது? 2008-இல் நிக்கோலஸ் செப்பேடா, ஹால் பாஷ்லர் முதலிய ஆய்வாளர்கள் 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு முறை படித்து, இடைவெளி விட்டு மறுமுறை படித்து, பிறகு தேர்வு. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தேர்வு என்றால் மூன்று வாரம் போல விட்டுப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, இடைவெளியும் அதற்கேற்ப நீளலாம். கொஞ்சம் மறந்து, முயன்று மீட்டெடுக்கும்போதுதான் நினைவு கெட்டிப்படுகிறது.

முயன்று மீட்டெடுப்பது என்று சொன்னேன் அல்லவா, விஷயத்தின் உயிரே அதுதான். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மூன்று வேளை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் ஜெயித்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று: நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியது படித்துக்கொண்டே இருந்த குழுதான். திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாகப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

சிறுநீரகத்தின் நுண் வடிகட்டியான நெஃப்ரான் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பத்து முறை பார்ப்பதற்குப் பதில் புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் பௌமானின் கிண்ணத்தில் தொடங்கி, அண்மை சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மை சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம் வரை வரைய வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் வெளியேறுகிறது, எந்த இடத்தில் உப்பு என்றும் குறிக்க வேண்டும். பேனா ஹென்லே வளைவின் ஏறு பகுதியில் வந்து நிற்கும். நிற்கட்டும். அரை நிமிடம் யோசித்துவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்தால் அந்த ஒரு வரி இனி லேசில் போகாது. நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. இந்த வெறும் தாள்தான் அதற்கு நல்ல வாத்தியார்.

இயற்பியலில் சிக்கல் வேறு. ஒரே பாடத்தில் நாற்பது கணக்கு வரிசையாகப் போட்டால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு கிடையாது. உராய்வில்லாத சாய்தளத்தில் ஒரு கட்டை வழுக்குகிறது. அடியில் அதன் வேகம் என்ன என்றால் ஆற்றல் அழியா விதியில் இரண்டு வரி. இறங்க எத்தனை விநாடி என்றால், ஆற்றல் சமன்பாட்டில் நேரமே கிடையாது, முடுக்கம் வழியாகப் போவதுதான் சுலபம். படம் ஒன்று, வழி இரண்டு. எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி, கலந்து போட்டால்தான் கிடைக்கும். 2007-இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கணக்கில் இதையே பார்த்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முறையே 20, 63. கலந்து போடும்போது பிள்ளைக்குத் தடுமாறும், மனசும் சோர்ந்துபோகும். அந்தச் சமயத்தில் வீட்டார் திட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

அப்படியென்றால் அட்டவணை எப்படி இருக்க வேண்டும்? பாடம் முடிந்த அன்றே பக்கத்தின் ஓரத்தில் தேதிகளைக் குறித்துவிடலாம். ஜூன் 10 என்றால் 11, 18, பிறகு ஜூலை 9, அப்புறம் ஆகஸ்ட் கடைசி. அந்தத் தேதிகளில் பத்து இருபது நிமிடம் போதும், ஆனால் புத்தகம் மூடியிருக்க வேண்டும். நவம்பர் வரும்போது ஒரு நாளின் பாதி நேரம் பழைய பாடத்துக்கே போகும். புதுப் பாடம் மெதுவாக நகரும். பயப்பட வேண்டாம், இதுதான் சரியான வேகம். தூக்கத்தைக் குறைத்து அதை ஈடுகட்டவும் கூடாது. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துகிற வேலையில் ஒரு முக்கியப் பகுதி தூக்கத்தில் நடக்கிறது.

மாதிரித் தேர்வுக்குப் பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூட்டை கட்டாமல், தவறு ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தெரியாததா, குழம்பியதா, அவசரமா. தெரியாதது பாடத்துக்குத் திரும்ப வேண்டும். குழம்பியது கலவைக் கணக்கில் சேர வேண்டும். 'தவறானது எது' என்ற கேள்வியைச் 'சரியானது எது' என்று படித்தது அவசரம், அதற்குக் கேள்வியில் அந்தச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் போதும். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்பதால் தெரிந்த கேள்வி ஒன்று தவறினால் போவது 5. அவசரத் தவறு பத்து என்றால் 50 மதிப்பெண். ஒரு பாடம்கூடப் புதிதாகப் படிக்காமல் மீட்கக்கூடிய ஐம்பது அது.

2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம். தேர்வு நடப்பது மே மாத வெயிலில், பகல் 2 மணி முதல் 5 மணி வரை. ஆகவே கடைசி இரண்டு மாதம் மாதிரித் தேர்வை விடியற்காலையில் எழுத வேண்டாம். மதியம் அளவாகச் சாப்பிட்டு, 2 மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பி, 5 மணிக்கு எழுந்திருக்கட்டும். கண் சொருகுகிற அந்த மூன்றரை மணிக்கு எந்தக் கேள்வியில் கை தடுமாறுகிறது என்பதையும் நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.