பியானோவில் மட்டும் மடங்கும் விரல்

1964இல் அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 36 வயது. புகழின் உச்சியில் இருந்த நேரம். அப்போதுதான் வாசிக்கும்போது வலது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கின. அடுத்த முப்பது வருடம் பெரும்பாலும் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தும், பாடம் சொல்லிக்கொடுத்தும் காலம் தள்ளினார்.

இதன் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா, அதாவது உடம்பில் ஏதோ ஓர் இடத்துத் தசைகள் மட்டும் நம்மைக் கேட்காமல் இறுகிக்கொள்வது. எழுதுபவர்களுக்கு வந்தால் ரைட்டர்ஸ் கிராம்ப் என்பார்கள்: பேனாவை எடுத்தால் முறுக்கிக்கொள்கிற அதே கை சட்டைக்குப் பொத்தான் போடும், சாதம் பிசையும், எந்தச் சிக்கலும் இருக்காது. இதனாலேயே பல காலம் இதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிட்டார்கள், அவதிப்படுகிறவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சுட்டுவிரலால் மேஜையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூளை அந்த விரலுக்கு 'அசை' என்று சொல்கிற அதே நேரத்தில் பக்கத்து விரல்களின் தசைகளை 'நீ சும்மா இரு' என்று அடக்கியும் வைக்கிறது. இந்த அடக்கும் வேலைதான் டிஸ்டோனியாவில் தளர்ந்துபோகிறது. ஒரு விரலுக்குப் போன கட்டளை பக்கத்துக்கும் கசிகிறது, விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன.

தொடு உணர்விலும் கோளாறு இருக்கிறது. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உண்டு. 1996இல் ஆய்வாளர்கள் நான்சி பில், மைக்கேல் மெர்சனிக் குழுவினர் குரங்குகளை ஒரே கை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். கை இறுகிப்போன குரங்குகளின் மூளையைப் பார்த்தால் விரல்களுக்கிடையே இருந்த வரப்பே அழிந்திருந்தது, ஒரு விரலுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய நரம்பணு பல விரல்களைத் தொட்டாலும் பதில் சொன்னது. 1998இல் இந்நோய் வந்த இசைக் கலைஞர்களின் மூளையை அளந்தபோதும் விரல்களுக்கான இடங்கள் நெருங்கிப்போயிருந்தன. சிலருக்கு மெல்லிய ரப்பர் கையுறை போட்டதும் விரல் கொஞ்ச நேரத்துக்கு ஒழுங்காக ஓடுகிறது, தோலிலிருந்து வரும் சேதி மாறினால் கட்டளையும் மாறுகிறது!

அதற்காகப் பயிற்சியையே குற்றம் சொல்லவும் முடியாது. தொழில்முறை இசைக் கலைஞர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது. எல்லோர் மூளையும் பழகப் பழக நரம்பு இணைப்புகளைப் பலப்படுத்தும், போதும் என்று ஓரிடத்தில் நிறுத்தவும் செய்யும். இவர்களுக்கு அந்த நிறுத்தம் சரியாக இல்லை, பலப்படுவது அண்டைத் தசைகளுக்கும் பரவுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. மூளையின் அடியாழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள், பின்னாலுள்ள சிறுமூளை, மூளையின் மேற்பரப்பு மூன்றும் சேர்ந்த நரம்புச் சுற்றிலேயே பிசகு என்றுதான் இப்போது பார்க்கிறார்கள்.

1990களில் ஃப்ளைஷருக்கு போடாக்ஸ் ஊசி கைகொடுத்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் ரசாயனத்தை அது தடுத்துவிடும், அளவு பார்த்துப் போட்டால் அடம்பிடிக்கும் தசை மட்டும் தளரும். 2004இல் இரண்டு கைகளாலும் வாசித்த இசைத்தட்டை வெளியிட்டார். ஆனால் ஊசி மூளையைத் தொடுவதில்லை. சுமார் மூன்று மாதத்தில் அதன் வேகம் குறைந்ததும் விரல் மறுபடி மடங்கப் பார்க்கும்.