கார்டை உருவிய பிறகும் வரும் இன்டரப்ட்

"மவுஸை ஆட்டிக்கிட்டே கார்டை உருவினா லேப்டாப் ஹேங் ஆகுது. மவுஸைத் தொடாம உருவினா ஒண்ணும் ஆகல." டெஸ்டிங் பார்த்த தம்பி இப்படிச் சொன்னபோது எங்கள் டீமில் யாரும் நம்பவில்லை. நாங்கள் எழுதியது மவுஸுக்கான டிரைவரே இல்லை. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் (லேப்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செருகும் இடம்) செருகும் ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டுக்கான லினக்ஸ் டிரைவர் அது.

இன்டரப்ட் என்பது ஒரு டிவைஸ் "என்னைக் கவனி" என்று சிபியுவுக்கு அடிக்கும் மணி. எந்த லைனில் யார் மணி அடிக்கிறார்கள் என்று காட்டும் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. 16ஆம் எண் வரியில் எங்கள் டிரைவர் பெயரும் யூஎஸ்பி கன்ட்ரோலர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே இன்டரப்ட் லைனைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அப்படிப் பகிரும் லைனில் யார் மணி அடித்தாலும், அந்த லைனில் பதிந்திருக்கும் எல்லா ஹேண்ட்லரையும் (மணிக்குப் பதில் சொல்லும் டிரைவர் ஃபங்ஷன்) லினக்ஸின் மையமான கெர்னல் கூப்பிடும். மவுஸ் நகரும்போது யூஎஸ்பி கன்ட்ரோலர் நொடிக்கு நூறு தடவைக்குமேல் மணி அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எங்கள் ஹேண்ட்லரும் ஓடுகிறது.

கார்டை உருவிய நொடிக்கும், கெர்னல் அதை உணர்ந்து டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷனைக் கூப்பிடும் நொடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஹேண்ட்லர் ஓடினால் என்ன நடக்கும்? இல்லாத பிசிஐ கார்டின் ரெஜிஸ்டரை (கார்டு தன் நிலையைச் சொல்லும் இடம்) படித்தால் எரர் வராது. 32 பிட்டும் 1 ஆகவே வரும். எங்கள் கோடு "பெண்டிங் பிட் 1 ஆக இருக்கும்வரை வேலையை முடி" என்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லா பிட்டும் 1 என்றால் அந்த லூப் எப்போது முடியும்? சிபியு அங்கேயே மாட்டிக்கொண்டது.

திருத்தம் இரண்டே வரிதான். ஸ்டேட்டஸின் எல்லா பிட்டும் 1 ஆக வந்தால் "இது என்னுடையது இல்லை" என்று ஐஆர்க்யூ_நன் திருப்பிவிட்டு உடனே வெளியேற வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்டு ("நான் கவனித்துவிட்டேன்") திருப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். கெர்னல் ஒவ்வொரு லைனிலும் கணக்கு வைத்திருக்கிறது. 1,00,000 இன்டரப்டில் 99,900க்குமேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால் "நோபடி கேர்டு" என்று லாகில் எழுதிவிட்டு அந்த லைனையே அணைத்துவிடும். நீங்கள் பொய்யாகப் பொறுப்பேற்றால் அந்தக் காவலே வேலை செய்யாது.

லைனுக்குப் பதில் மெசேஜாகவே இன்டரப்டை அனுப்பும் எம்எஸ்ஐ வந்தபிறகு லைனைப் பகிரும் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரு டிவைஸுக்கு 2,048 வெக்டர்வரை (தனித்தனி இன்டரப்ட்) தனியாகவே கிடைக்கும். ஆனால் டிவைஸ் கிளம்பும்போது வரும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. ஒரு சிபியுவில் ஹேண்ட்லர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொரு சிபியுவில் ரிமூவ் அதன் மெமரியை விடுவித்துக்கொண்டிருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் டிவைஸில் இன்டரப்டை மாஸ்க் செய்து அடக்குங்கள். அடுத்து ஹேண்ட்லரை நீக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும், அதனால்தான் அதை ஹேண்ட்லருக்குள்ளிருந்து கூப்பிடவே கூடாது. பிறகு ஹேண்ட்லர் பிறகு செய்யச் சொல்லிக் கிளப்பிவிட்ட வொர்க்கை கேன்சல்_வொர்க்_சிங்க் கொண்டு நிறுத்துங்கள். மெமரி கடைசியில்தான்.

ஹேண்ட்லரைப் பதிந்து, பிறகு தானாகவே நீக்கும் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வசதியானது, ஆனால் இங்கே காலை வாரிவிடும். ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் அது ஹேண்ட்லரை நீக்கும். ரிமூவுக்குள் நீங்கள் கையால் கேஃப்ரீ செய்து மெமரியை விடுவித்த ஸ்ட்ரக்சரை, இன்னும் உயிரோடு இருக்கும் ஹேண்ட்லர் தொட்டுவிடும். ரிவியூவில் நான் முதலில் தேடுவதே இதைத்தான்.

செருகும்போதும் இதே கவனம் வேண்டும். ஹேண்ட்லரைப் பதியும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே முதல் இன்டரப்ட் வரலாம். லாக், பஃபர், பாயின்டர் எல்லாம் அதற்குமுன் தயாராக இருக்க வேண்டும்.

அந்த டிரைவர் எங்கள் டெஸ்டில் எப்படித் தேறியது என்று கேட்டால், நாங்கள் சிஸ்எஃப்எஸ்ஸில் (டிவைஸ்களைக் கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடம்) ரிமூவ் ஃபைலுக்கு 1 எழுதித்தான் நூற்றுக்கணக்கான தடவை சோதித்திருந்தோம். அந்த வழியில் கார்டு ஸ்லாட்டிலேயே இருக்கும், கேட்டால் பதில் சொல்லும். எல்லா பிட்டும் 1 ஆக வரும் நிலையை அந்தச் சோதனை தொடவே இல்லை. இப்போது டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ என்ற சோதனை வசதியை ஆன் செய்த கெர்னலில்தான் ஓட்டுகிறோம். பகிரும் லைனிலிருந்து ஹேண்ட்லரை நீக்கும்போது அது வேண்டுமென்றே ஒருமுறை ஹேண்ட்லரைக் கூப்பிட்டுப் பார்க்கும். அதோடு, டேட்டா முழுவேகத்தில் ஓடும்போது கையாலேயே கார்டை உருவுகிறோம், இன்னொரு கை மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும்.