களித்தரையில் தெருமரம்: டெல்டா ஊர்களில் கன்று நடும் முன்

காவிரி டெல்டா நகரங்களில் மரம் நடும் வேலை பெரும்பாலும் ஐப்பசியில்தான் சூடுபிடிக்கும். மழை தொடங்கிவிட்டது, தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை என்பது கணக்கு. புதுக்கோட்டைச் செம்மண்ணுக்கு அந்தக் கணக்கு சரி. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடியில் காலடியில் இருப்பது ஆறு கொண்டுவந்து போட்ட களி. அதில் தோண்டிய குழி அடைமழையில் தொட்டியாகிவிடும். வேருக்கும் காற்று வேண்டும். பத்துப் பதினைந்து நாள் தேங்கிய நீரில் நின்ற இளவேர் கறுத்து அழுகும். வேர் அழுகினால் இலை வாடும். வாடியதைப் பார்த்த யாரோ ஒரு நல்லவர் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்.

களிமண் தெருக்களுக்கு ஏற்ற காலம் ஆடிப் பாதியிலிருந்து ஆவணி முடிய. மாலை இடிமழை அவ்வப்போது கிடைக்கும், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் ஓடும், நிலத்தடி ஈரமும் ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் கன்றுக்கு இரண்டு மாதம் கிடைத்தால் புதுவேர் குழிச் சுவரைத் தாண்டிவிடும். ஆடி தப்பினால் தை. ஆனால் ஒன்று: அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கும். இடையில் மாசியிலிருந்து வைகாசி வரை இதே களிமண் வெடித்துப் பாளம்பாளமாகப் பிளக்கும். வெடிப்பில் மெல்லிய வேர்கள் அறுபடும். தையில் நடுகிறவர்கள் அந்த நான்கு மாதத்துக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை முடிவு செய்துவிட்டுக் குழி வெட்டலாம்.

குழியை வெட்டியதும் நடாதீர்கள். வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மறுநாளும் பாதிக் குழி நீர் நின்றால் அந்த இடத்தில் ஆழம் உதவாது. மூன்றடி ஆழம் என்று எழுதிவைத்த பொது விதியை மறந்துவிட்டு, ஒன்றரை அடி ஆழம், மூன்றடி அகலம் என்று வெட்டி, கன்றின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) தரைமட்டத்துக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி மேடு கட்டி நடவேண்டும். ஈரக் களியில் மண்வெட்டி இழுத்த குழிச்சுவர் பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்க மாட்டாமல் உள்ளேயே சுற்றும். கடப்பாரை முனையால் சுவரைச் சுற்றிலும் கீறிவிட்டால் போதும், இரண்டு நிமிட வேலை.

நிரப்பும் மண் பெரும்பாலும் அதே குழியின் மண்ணாகவே இருக்கட்டும். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுஎரு, இருநூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கு. இளகட்டும் என்று மணலை மட்டும் கலப்பது பலரும் செய்வது. களியும் கொஞ்சம் மணலும் சேர்ந்து காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். அரிசி ஆலையில் சும்மா கிடைக்கிறதே என்று பச்சை உமியைக் கொட்டுவதும் வேண்டாம், மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். தெருவோரக் குழி என்றால் பழைய சுண்ணாம்புக் காரை, சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு எல்லாம் வரும். அவற்றை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, குறைகிற அளவுக்கு வயல்மண் கொண்டுவர வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் சரளையும். அங்கே நீர் நிற்காது, ஆழக் குழி போடலாம், நீரைத் தேக்கப் பாத்தியும் கட்டலாம்.

கன்று எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறிய பையில் ஓராண்டுக்கு மேல் நின்ற ஆறடிக் கன்றின் வேர், பையின் அடியில் கயிறுபோல் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் முதல் சில ஆண்டுகள் நன்றாக வளரும், பிறகு ஒரு காற்றுக்குச் சாயும். பையை முழுதாகக் கிழித்து எடுத்து, வேர்க்கட்டியின் பக்கவாட்டில் பிளேடால் மேலிருந்து கீழாக நாலு இடத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறி, அடியில் சுருண்டதை வெட்டிவிட வேண்டும். பூவரசு, ஆல், அரசு ஆகியவற்றைப் போத்து (தடித்த கிளைத்துண்டு) வெட்டி நடுவது நம் பக்கத்துப் பழக்கம். குளக்கரைக்குச் சரி. ஆணிவேர் இல்லாத மரத்தை வீட்டு வாசலில் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மரம் விழுவது என்றால் என்ன என்பதை இந்த மாவட்டங்கள் பார்த்துவிட்டன.

என்ன மரம் என்ற கேள்விக்குத் தெருவின் அகலம்தான் முதல் பதில். இருபதடித் தெருவில், மின்கம்பிக்குக் கீழே, மந்தாரை, பவளமல்லி போதும். கம்பி இல்லாத பக்கம் புங்கன், பூவரசு, மகிழம். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வைக்க இடமிருந்தால் வேம்பு. களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் கோடையில் நீரை உறிஞ்சும்போது ஆழமில்லாத அஸ்திவாரத்தில் விரிசல் விழுவது அதனால்தான். வேர் வந்து சுவரைத் தள்ளுகிறது என்று சொல்லப்படுவதில் பாதி, உண்மையில் மண் இறங்கியது. நீர்மருது, இலுப்பை, நாவல் எல்லாம் குளக்கரை, பள்ளி மைதானம், பூங்காவுக்கு. திருவிடைமருதூருக்கு மருதும் திருப்புன்கூருக்குப் புங்கனும் தலமரமானது சும்மா இல்லை. ஈரக்கால் பொறுக்கும் மரங்கள் அவை. நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் தெருக்களுக்குப் புன்னை, பூவரசு, புங்கன். தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் சீக்கிரம் நிழல் தரும், காற்றில் சீக்கிரம் முறியவும் முறியும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தமிழக அரசே அதற்குத் தடை போட்டுவிட்டது.

தெருவோடு பேசுவது

கன்று வாங்குவதற்கு முன் தெருவில் ஒருமுறை மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வீடு வீடாகப் போக வேண்டும். காலையில் போனால் பதில் சொல்ல ஆள் இருக்காது. "மரம் வைக்கலாமா?" என்று கேட்டால் எல்லோரும் வைக்கலாம் என்பார்கள். "உங்கள் வாசலில், இந்த இடத்தில், புங்கன் வைக்கலாமா? சித்திரை வெயிலில் மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவீர்களா?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். "வேண்டாங்க, எலை கொட்டும், யாரு கூட்டுறது?" என்கிற அம்மாவை வற்புறுத்தி வைத்த கன்றுக்கு ஆயுள் குறைவு. பக்கத்து வீட்டில் கேளுங்கள். கடைக்காரர்களின் கவலை பெயர்ப்பலகை மறைவது. பலகைக்கு நேராக வைக்காமல் இரண்டு கடைகளுக்கு நடுச்சுவருக்கு நேராக வைத்தால் பாதிச் சண்டை தீரும், கீழ்க்கிளையைக் கழித்துக்கொண்டே வந்தால் மீதியும் தீரும்.

இங்கே மட்டும் உள்ள சில சங்கடங்கள் உண்டு. தேர் ஓடும் நான்கு வீதிகளில் பெரிய மரம் வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. அதற்காக மின்கம்பியையே அவிழ்த்தவர்கள், கிளையை விடுவார்களா? சின்ன ஊர்த் தேருக்கும் சப்பரத்துக்கும் இதே கதைதான். கோவில் அலுவலகத்தில் தேரின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு வெளியே குட்டை மரமாக வைக்கலாம். ஊருக்கு வெளியே போகும் சாலைகளில் வைக்கோல் ஏற்றிய லாரி உரசாதபடி, சாலைப் பக்கக் கிளைகளை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றிப் பதினைந்து அடிக்கு மேல் கொண்டுபோக வேண்டும். குறுவை அறுப்பில் அதே சாலையில் நெல் காயும். காயவைப்பவருக்கு நிழல் பகை. எந்தெந்த இடத்தில் நெல் கொட்டுவார்கள் என்று விவசாயிகளிடமே கேட்டு அந்த நீளத்தை விட்டுவிடுவது உத்தமம்.

நகராட்சியில் அனுமதி வாங்கப் போகும்போது இன்னொன்றையும் கேட்டு வாருங்கள்: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், இதில் எது அடுத்த இரண்டு ஆண்டில் இந்தத் தெருவுக்கு வருகிறது? வடிகால் தோண்டும் ஜேசிபி மரத்தின் ஒரு பக்க வேரை முழுதாக அறுத்துவிட்டுப் போனால் மரம் உடனே சாகாது. அடுத்த புயலில் எதிர்ப்பக்கம் சாயும். இந்தப் பேச்சைப் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுத வைப்பது நல்லது. வாய்வார்த்தையைக் கவுன்சிலர் மறக்கலாம், ஒப்பந்தக்காரருக்கு அது போய்ச் சேரவே சேராது.

தூய்மைப் பணியாளர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது பெரிய தவறு. கூட்டிய சருகைக் குவிக்கத் தோதான இடம் மரத்தடி, கொளுத்தவும் தோதான இடம் அதுதான். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் ஒரு பக்கம் வெந்தாலே இளமரம் திணறும், சுற்றிலும் வெந்தால் மரம் போய்விடும். சருகு குவிக்க இரண்டு தெருவுக்கு ஒரு மட்குக் குழி ஒதுக்கிக் கொடுத்தால் அவர்களுக்கும் சுமை குறையும்.

நட்ட பின் கூண்டு. ஆடும் மாடும் திரியும் தெருவில் ஐந்தடி உயரக் கூண்டு இல்லாமல் எதுவும் தப்பாது. இரும்பு திருடு போகிறது. மூங்கில் பிளாச்சுக் கூண்டு இரண்டு மழைக்காலம் தாங்கும், அதற்குள் தண்டு முற்றிவிடும். கன்றுக்கு இரு பக்கமும் இரண்டு சவுக்குக் கழி ஊன்றி, பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பியும் நைலான் கயிறும் தண்டு பருக்கும்போது பட்டையை அறுக்கும். ஓராண்டில் கழியை எடுத்துவிட வேண்டும்; காற்றில் ஆடி ஆடித்தான் அடித்தண்டு பருக்கும்.

தண்ணீர் தினம் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம் மெதுவாக ஊற்றுவது மேல். சொம்புத் தண்ணீர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும், வேரும் மேலேயே வந்து நிற்கும். மேலே மூன்று விரல் கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி. ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். அரிசி, காய் கழுவிய நீர் தாராளமாக ஊற்றலாம். துணி துவைத்த சோப்பு நீரும் சுத்திகரிப்பு எந்திரத்திலிருந்து கழியும் உப்பு நீரும் வேண்டாம். மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாளில் விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள்; ஒட்டினால் ஊற்ற வேண்டாம். இந்தக் கவனிப்பு இரண்டு கோடைக்கு.

நன்றாக வளர்ந்த மரத்துக்கு வரும் ஆபத்து அன்பால் வருவது: மேடை. சுற்றிச் சிமெண்டு போட்டு, டைல்ஸ் ஒட்டி, வேம்பாக இருந்தால் மஞ்சள் துணியும் கட்டிவிடுவார்கள். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களைப் பற்றிய வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த அளவை உங்கள் தெருத் தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் தள்ளி ஒரு கல்பலகை போடலாம்.

முதல் ஆண்டில் கொஞ்சம் சாகத்தான் செய்யும். நூறு கன்று நட்டால் பதினைந்தைப் பெரிய பையில் தனியாக வளர்த்து வையுங்கள். தையில் அதே வயது, அதே உயரக் கன்றை மாற்றி நடலாம். நடும் முன் செத்ததைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து நாறினால் நீர் தேங்கியிருக்கிறது, மேடு இன்னும் உயர வேண்டும். காய்ந்து வெளுத்திருந்தால் தண்ணீர் வரவில்லை, அந்த வாசலில் ஒருமுறை பேச வேண்டும். வேர் நன்றாக இருந்து தண்டு முறிந்திருந்தால் கூண்டைச் சரிசெய்யுங்கள்.