பேச்சுரிமை இருக்கிறது, வேலை இருக்குமா?

"மேடம், இந்த நாட்டுல பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

2020 ஜூன் மாதம், வீடியோ அழைப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. பத்து வருடமாக அமெரிக்காவில் இருக்கும் மென்பொருள் பொறியாளர். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பவர். முந்தைய நாள்தான் எச்.ஆர். அவரைக் கூப்பிட்டு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது. நான் இங்கே வேலைச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர். இவரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த மாதம் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். மே 25 அன்று மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரரின் முழங்கால் அழுத்தி ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். ஜூன் 5 அன்று அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் தலைவர் ரோஜர் குடெல், இனவெறி பற்றி வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று வீடியோவில் ஒப்புக்கொண்டார். அந்தச் செய்தியை யாரோ அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் டீமின் சேனலில் போட, பேச்சு 2016-இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு எதிர்ப்புக் காட்டிய கறுப்பினக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் பக்கம் திரும்பியிருக்கிறது. நம் ஆளும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

"எழுதினதை அப்படியே வாசிங்க" என்றேன்.

முதல் வரி: கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஒருவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காதது எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நிமிடம் கழித்து இரண்டாவது வரி: இந்த நாடு எவ்வளவு கொடுத்தாலும் 'தீஸ் பீப்பிள்' திருப்தி அடையவே மாட்டார்கள்.

வாசித்து முடித்துவிட்டு, "இதுல இனவெறி எங்க இருக்கு மேடம்? நானே கறுப்புதானே?" என்றார்.

சரி, பேச்சுரிமையை முதலில் பார்த்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தவறான நம்பிக்கையோடு வருகிறார்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. உங்கள் முதலாளியின் கையை அல்ல. கம்பெனி தனியார் கம்பெனி என்றால், நீங்கள் சொன்ன கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே பெரும்பாலான மாநிலங்களில் உங்களை அனுப்பிவிட முடியும். காரணமே சொல்லாமலும் அனுப்பலாம். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். எச்-1பி-யில் இருப்பவருக்கு இன்னும் அதிகமாக வாடும், ஏனென்றால் வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ கையில் அதிகபட்சம் 60 நாள்தான்.

இதே கொடி, இதே மரியாதை விவகாரம் அரசுப் பள்ளிக்கூடத்தில் நடந்தால் கதையே வேறு. 1940-இல் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்தபோது, பள்ளி அவர்களை வெளியேற்றியது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் அந்தச் சபையினர் மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே வருடத்தில், 1943 ஜூன் 14 அன்று, நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருப்பிப் போட்டது. யாரையும் கொடிக்கு வணக்கம் வைக்கக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமை இல்லை என்றது. நாடு உலகப் போரில் இருந்த நேரம் அது. ஜூன் 14 அமெரிக்காவில் கொடி நாள் வேறு.

மைதானத்திலும் ஒரு வழக்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் என்ற ஊரின் பொதுப்பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் நடு மைதானத்தில் ஒரு முழங்கால் போட்டு ஜெபிப்பார். பள்ளி நிர்வாகம் தடுத்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் நின்றது. கென்னடியும் கேப்பர்னிக்கும் போட்டது ஒரே முழங்கால்தான். ஆனால் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசுப் பள்ளி, இன்னொருவருக்குத் தனியார் அணி. அதனால் ஒருவருக்கு அரசியல் சாசனம் கைகொடுத்தது, மற்றவருக்கு அந்தக் கதவே கிடையாது. இதில் இன்னொரு வேடிக்கை: கென்னடியின் முழங்காலைக் கொண்டாடியவர்களில் பலர் கேப்பர்னிக்கின் முழங்காலைத் திட்டியவர்கள். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே.

கேப்பர்னிக் தொடுத்ததும் பேச்சுரிமை வழக்கு அல்ல. 2017 மார்ச்சில் அவராகவே ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதன் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அக்டோபரில் அவர் கொடுத்த புகார், அணிகள் கூடிப் பேசி என்னை ஒதுக்கிவிட்டன என்பது. வீரர் சங்கத்துக்கும் லீகுக்கும் உள்ள கூட்டு ஒப்பந்தம் அப்படிக் கூடிப் பேசுவதைத் தடை செய்கிறது. ஓர் அணி தனியாக "எங்களுக்கு இவர் வேண்டாம்" என்றால் அது தவறில்லை. பல அணிகள் சேர்ந்து முடிவெடுத்தால்தான் தவறு. 2019 பிப்ரவரியில் லீக் அவரோடும் அவர் அருகில் மண்டியிட்ட எரிக் ரீடோடும் சமரசம் செய்துகொண்டது. விவரம் ரகசியம். அதனால் யார் பக்கம் நியாயம் என்று யாரும் தீர்ப்பு சொல்லவே இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. கனெக்டிகட் மாநிலச் சட்டம், பொதுவிஷயங்களைப் பற்றிய பேச்சுக்கான பாதுகாப்பைத் தனியார் ஊழியருக்கும் நீட்டுகிறது, ஆனால் வேலையோ வேலையிட உறவோ பெரிதாகக் கெடக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஊழியரின் அரசியல் நடவடிக்கையை முதலாளி கட்டுப்படுத்தக் கூடாது. நியூயார்க்கில் வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் அரசியல் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு. சம்பளம், வேலை நிலைமை பற்றிச் சக ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் நாடு முழுக்கக் காக்கிறது, சங்கம் இல்லாத இடத்திலும்கூட. ஆக, எந்த மாநிலம், யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எந்த நேரத்தில் எங்கே சொன்னீர்கள் என்பதைக் கேட்காமல் 'எனக்கு உரிமை உண்டு' என்று கிளம்பாதீர்கள்.

என் கட்சிக்காரருக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. கம்பெனியின் ஸ்லாக், வேலை நேரம், பதினான்கு பேர் இருக்கும் சேனல்.

அப்புறம் அவருடைய இரண்டாவது கேள்வி. இனவெறி எங்கே இருக்கிறது?

முதல் வரியில் இல்லை என்பதுதான் என் கருத்து. கேப்பர்னிக் செய்தது பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, எச்.ஆரும் அந்த வரியைத் தொடவே இல்லை. இரண்டாவது வரியில் 'இவர்' என்பது 'இவங்க' ஆகிவிட்டது. தமிழில் 'இவங்க' என்று ஒருவரை மரியாதையாகவும் சொல்லலாம். ஆங்கில 'தீஸ் பீப்பிள்' அப்படியில்லை. ஒரு வீரர் மீதிருந்த கோபம் அந்த இரண்டு சொற்களில் ஓர் இனத்தின் மீது போய் விழுகிறது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் கறுப்பர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்தது வேறொருவர்.

"அவரே ஒண்ணும் சொல்லலையே மேடம்."

"அந்த சேனல்ல அவரால என்ன சொல்ல முடியும்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

'நானே கறுப்புதானே' என்பதும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற வாதம். தோல் நிறம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் நள்ளிரவில் போலீஸ் கார் பின்னால் வந்து விளக்கைச் சுழற்றும்போது அந்தக் கறுப்பு ஊழியர் மனதில் ஓடுவதும் நம் மனதில் ஓடுவதும் ஒன்றல்ல. நமக்கு ஃபைன் பற்றிய கவலை, பெரும்பாலும். சட்டத்திலும் இது தற்காப்பு ஆகாது: ஒரே இனத்துக்குள்கூடப் பாகுபாடு நடக்க முடியும் என்றே நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை." நான் நம்புகிறேன். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன்: கேப்பர்னிக் எந்த அர்த்தத்தில் மண்டியிட்டார் என்று நீங்கள் பார்த்தீர்களா?

அவருக்குத் தெரியாது. பலருக்கும் தெரியாது. 2016 ஆகஸ்டில் அவர் முதலில் மண்டியிடவே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பர்களையும் மற்ற நிறத்தவரையும் ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை காட்ட எழ மாட்டேன் என்று காரணம் சொன்னார். நேட் போயர் என்ற முன்னாள் சிறப்புப் படை வீரர் அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். கோபமான கடிதம் அல்ல, மனம் வருந்தி எழுதியது. சான் டியேகோவில் ஆட்டத்துக்கு முன் ஹோட்டல் லாபியில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். இறந்த தோழரின் கல்லறை முன் சிப்பாய்கள் ஒரு முழங்கால் போடுவார்கள், அப்படிச் செய்யலாமே என்றார் போயர். அன்று செப்டம்பர் 1. கேப்பர்னிக் மண்டியிட்டார், எரிக் ரீடும். பக்கத்திலேயே போயர் நெஞ்சில் கை வைத்து நின்றார். கூட்டம் கூச்சல் போட்டது. படைவீரர்களை அவமதிக்கிறார் என்று நாடெங்கும் திட்டிய அந்த முழங்கால், ஒரு படைவீரர் சொல்லிக்கொடுத்தது.

அதற்காக, புண்பட்டோம் என்று சொன்ன ராணுவக் குடும்பங்கள் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடி போர்த்திய சவப்பெட்டியைப் பார்த்தவருக்கு அந்தக் காட்சி வலித்திருக்கும். வலி உண்மை. நான் வாதத்துக்கு வருகிற இடம் வேறு. நாம் சொன்னதற்கு நோக்கத்தைப் பார்க்கச் சொல்கிறோம். எதிராளி செய்ததற்கு விளைவை மட்டும் பார்க்கிறோம். என் கட்சிக்காரர் தனக்குக் கேட்ட சலுகையைக் கேப்பர்னிக்குக் கொடுக்கவில்லை. மண்டியிடுவதை ஆதரித்து அந்த சேனலில் எழுதிய சிலரும், நிற்க விரும்பிய எல்லாரையும் இனவெறியர்கள் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. வேலையில் இனம் முதலியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு. அது 15 பேரோ அதற்கு மேலோ ஊழியர்கள் இருக்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். வேலையிடம் பகைமையாகிவிட்டது என்று ஒருவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் இரண்டையும் கேட்கும். பாதிக்கப்பட்டவர் உண்மையில் அப்படி உணர்ந்தாரா? அவர் இடத்தில் நியாயமான ஒருவர் இருந்தாலும் அப்படித்தான் உணர்வாரா? 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது. "எனக்கு அப்படித் தோன்றியது" மட்டும் போதாது, "நான் அப்படி நினைக்கவில்லை" என்பதும் போதாது. ஒரே ஒரு வரி பொதுவாக வழக்காகாது, கடுமையாகவோ அடிக்கடியோ நடந்திருக்க வேண்டும். ஆனால் வழக்காகும்வரை கம்பெனி காத்திருக்காது. எச்சரிக்கை அதனால்தான்.

இதன் மறுபக்கத்தையும் என் மேஜையில் பார்க்கிறேன். டீம் மீட்டிங்கில் தன் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறார்கள் என்று புகார் கொடுத்த ஒரு தமிழ்ப் பெண். விசாரித்தார்கள், நிரூபணமாகவில்லை என்று முடித்தார்கள். ஆறு வாரத்தில் அவரை முக்கியமான புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். "நான் சொன்னதுதான் தப்புன்னு ஆயிடுச்சே, இனி என்னக்கா பண்றது?" என்று கேட்டார். தோற்றுப்போன புகாருக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. நல்லெண்ணத்தோடு, நியாயமான நம்பிக்கையில் புகார் கொடுத்திருந்தால், அதற்காகப் பழிவாங்குவது தனிச் சட்டமீறல். அந்தக் கிண்டலை நிரூபிப்பதைவிட அந்த ஆறு வாரத்தை நிரூபிப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. இப்படி நடந்தால் தேதிகளைக் குறித்து வையுங்கள். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க 180 நாள்தான், மாநிலத்தில் தனி அமைப்பு இருந்தால் 300 நாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, நல்ல வழக்கைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் பொறியாளருக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கையோடு முடிந்தது. கடைசியில், "அந்த ஆள்கிட்ட மன்னிப்பு கேக்கலாமா மேடம்?" என்றார். சேனலில் இருந்த அந்தக் கறுப்பு ஊழியரைத்தான் சொன்னார். வழக்கறிஞர்களுக்குப் பிடிக்காத கேள்வி. எழுத்தில் எதையும் கொடுக்காதே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விஷயம் முடிந்துபோனதால், எழுதிக் காட்டுங்கள் என்றேன்.

வந்த வரைவு பதினோரு வரி. முதல் வரி, 'யாராவது புண்பட்டிருந்தால்' என்று தொடங்கியது. பிறகு தன் பின்னணி, தன் நோக்கம், தான் கறுப்பு நண்பர்களோடு பழகிய கதை. 'யாராவது'வை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதச் சொன்னேன். 'இருந்தால்' போயிற்று. நோக்கம் பற்றிய ஆறு வரியும் போயிற்று. மிஞ்சியது இரண்டு வாக்கியம். அனுப்பலாமா என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு அனுப்பினார்.

மூன்று நாள் கழித்து எனக்கு அவரிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. சக ஊழியரின் பதில் ஒரே சொல்: "பார்த்தேன்."

"இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று கீழே கேட்டிருந்தார்.

தெரியவில்லை என்று எழுதினேன்.