‘நிலையான’ கட்டடம் அல்ல, பேண்தகு கட்டடம்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கல்லூரி வாசலில் பெரிய பதாகை: ‘மாறிவரும் உலகுக்கு நிலையான, நெகிழ்வான கட்டடக்கலை’. இந்த ‘நிலையான’ என் கண்ணில் படுவது இந்த ஆண்டில் நான்காவது முறை. என்னோடு வந்த கொத்தனார் கடலூர்க்காரர், முப்பது வருட அனுபவம். படித்துவிட்டு, “நிலையானதுன்னா கான்கிரீட் போட்டதுதானே சார்?” என்று கேட்டார். உள்ளே நடந்த கருத்தரங்கு கான்கிரீட்டைக் குறைப்பது பற்றியது. அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

மூலச் சொல் ‘சஸ்டெய்னபிள்’. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. இன்றைய கருத்து 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் எழுத்தில் வந்தது. சுரங்கங்களுக்கு வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ் எழுதினார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைய தேவையைத் தீர்க்கப் போய், வரும் தலைமுறையின் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதுதான் சாரம்.

இதில் ‘நிலை’ எங்கே வருகிறது? நிலை என்றால் நிற்பது, அசையாதது. கதவு ஆடும், அதைத் தாங்கும் நிலை ஆடாது. நிலையான வருமானம், நிலையான ஆட்சி என்று எங்கே சொன்னாலும் மாறாதது என்றுதான் பொருள். மாறிவரும் உலகுக்கு மாறாத கட்டடம் எதற்கு?

அதுவும் எங்கள் கடற்கரையில் இந்தச் சொல் பெரிய குழப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்து மக்கள் வருடக்கணக்கில் கேட்ட சொற்கள் இரண்டு: தற்காலிக வீடு, நிரந்தர வீடு. தார் அட்டைக் கொட்டகை தற்காலிகம், கான்கிரீட் கூரை நிரந்தரம். ‘நிலையான’ என்றதும் அவர்கள் காதில் விழுவது அந்த நிரந்தரம்தான். ஆனால் கடலோரத்தில் அந்த நிரந்தரம் எத்தனை நாளைக்கு? உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியில் துரு ஏற்றுகிறது. துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் காரையைத் தள்ளி உடைக்கிறது. இருபது வருடத்திலேயே கம்பி பல்லிளிக்கும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். திண்ணை, தெருத் தாழ்வாரம், முற்றம், சுண்ணாம்புக் காரை வைத்த பழைய வீடுகள். அவை தானாக நிற்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து, மழைக்கு முன்னால் தளத்தைச் செப்பனிட்டு, ஓடு மாற்றி யாரோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விட்ட வீடுகள் இடிந்து போயின. இந்தப் பார்த்துக்கொள்ளலுக்குத் தமிழில் நல்ல சொல் உண்டு: பேணுதல். உடம்பைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம். பேணித் தொடரத் தக்கது பேண்தகு. ‘நிலையான’ என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், அதுவே நிற்கும். ‘பேண்தகு’ என்றால் பேணுகிற ஒரு ஆள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார்.

‘நீடித்த’ என்று எழுதுவோரும் உண்டு. நீடித்த மழை, நீடித்த வழக்கு. அது கால அளவை மட்டும் சொல்கிறது, நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. ‘வளங்குன்றா’ என்ற சொல் வேளாண்மைக்கும் வளர்ச்சிக்கும் அழகாகப் பொருந்துகிறது, அதை நான் மறுக்கவில்லை. ‘வளங்குன்றா வீடு’ என்றால் பணக்கார வீடு மாதிரி ஒலிக்கிறது. ‘பசுமைக் கட்டடம்’ என்றாலோ மாடியில் நாலு தொட்டி வைத்தால் போதும் என்றாகிவிட்டது.

பேண்தகு இலங்கை வழக்கு, நமக்கு வேண்டாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இலங்கைத் தமிழும் தமிழ்தானே? அங்கே ‘பேண்தகு அபிவிருத்தி’ என்று அரசு ஆவணங்களிலேயே எழுதுகிறார்கள். இலக்கணப்படி ‘பேணத்தகு’ என்று வர வேண்டும் என்பவர்கள் அப்படியே எழுதட்டும், எனக்குச் சம்மதம்.

அப்புறம் அந்த ‘நெகிழ்வான’. சுவர் நெகிழ்ந்தால் இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். அதுவும் ‘நிலையான’வுக்குப் பக்கத்திலேயே அதை எழுதினால் ஒன்றை ஒன்று வெட்டுகிறது. சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதற்கு உயிரியல் பாடத்தில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சொல் தகவமைப்பு. அதையே எடுத்துத் ‘தகவமையும் கட்டடம்’ எனலாம். இங்கேயே உதாரணம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதி, 1930களில் தொடங்கிய வேலை. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பித் திறக்கும் பட்டைகள். காற்று வேண்டுமென்றால் திறக்கலாம், சாரல் அடித்தால் சாய்க்கலாம். கட்டடத்தில் எதுவும் நெகிழவில்லை, தகவமைகிறது.

பதாகை எழுதியவர்களிடம் இதைச் சொன்னேன். “எல்லா ஆவணத்திலும் இப்படித்தான் சார் இருக்கு” என்றார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் வரும் சொல்லை எடுத்து வைக்கிறார்கள், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார், பத்துப் பேர் எழுதியதும் அதுவே கலைச்சொல் ஆகிவிடுகிறது. எழுதியதை ஒரு கொத்தனாரிடம் வாசித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. திரும்பி வரும்போது எங்கள் கொத்தனாரிடம் ‘பேண்தகு வீடு’ என்றால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். “நல்லா பராமரிச்சா நாள்பட இருக்கிற வீடு” என்றார்.