அரட்டையடிக்கச் சொல்லும் பொத்தான்கள்

‘உங்கள் புகாரைத் தெரிவிக்க எங்கள் பிரதிநிதியுடன் அரட்டையடிக்கவும்.’ பணப் பரிமாற்றச் செயலிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களின் தளங்களிலும் இந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. மனம்தான் பழக மறுக்கிறது. அண்மையில், இறந்தவரின் காப்பீட்டுத் தொகையைக் கோரும் பக்கம் ஒன்றிலும் அதே பொத்தான், அதே சொல். கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் ஆவணங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வா அரட்டையடிக்கலாம் என்கிறது நிறுவனம். எழுதியவருக்கும் உறுத்தவில்லை, சரிபார்த்தவருக்கும் உறுத்தவில்லை. சரிபார்க்க ஒருவர் இருந்தாரா என்பதே ஐயம்.

அரட்டை என்று இங்கே மொழிபெயர்க்கப்படும் சாட் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். பறவைகள் ஓயாமல் கீச்சிடும் ஒலியைக் காட்டப் பிறந்தது சாட்டர். அதன் குறுக்கம் சாட். அந்த ஒலியாலேயே சாட் என்று பெயர்பெற்ற சிறு பறவைகளும் உண்டு. முதலில் வெறும் பிதற்றலைக் குறித்த சொல் நாளடைவில் மென்மையாகி, நட்பாகச் சற்று நேரம் பேசுவது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. கணினிக்குள் அது நுழைந்ததும் அந்த நட்புக் கோலத்தில்தான். 1973இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கணினியமைப்பில், டாக்கோமேட்டிக் என்ற நிரல் ஐந்து பேர் வரை ஒரே தடத்தில் எழுதிப் பேச வழிசெய்தது. ஒருவர் தட்டுவது எழுத்தெழுத்தாக மற்றவர் திரையில் தெரியும். 1980இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் தொடங்கிய சேவைக்கு, லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் பேசிக்கொண்ட சிபி வானொலியின் பெயரையே இரவல் வாங்கி சிபி சிமுலேட்டர் என்று வைத்தார்கள். 1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐஆர்சி (இன்டர்நெட் ரிலே சாட்) என்ற இணைய அமைப்பின் கடைசி எழுத்து சாட் என்பதன் சுருக்கம். இவை எல்லாவற்றிலும் நடந்தது ஒன்றுதான்: வேலை முடிந்தவர்களும் வேலை செய்யப் பிடிக்காதவர்களும் கூடி, மனம்போன போக்கில் பேசினார்கள். அந்த இடத்துக்கு ‘அரட்டை அறை’ என்று முதலில் தமிழில் எழுதியவர் யாரானாலும், அவருக்குக் காது இருந்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

அரட்டைக்குள் இருப்பது சத்தம். அரட்டு என்றால் வெருட்டு, அதட்டு என்று பொருள். அரட்டி மிரட்டி வேலை வாங்குவது இன்றும் வழக்கில் உண்டு. திருமங்கையாழ்வார் தம்மை ‘அரட்டமுக்கி’ என்று சொல்லிக்கொள்கிறார். அடாவடி செய்யும் எதிரிகளை அமுக்குபவர் என்று பொருள். அந்தச் சத்தமும் குறும்பும் அரட்டையில் இன்னமும் கேட்கின்றன, அச்சம் மட்டும் கழன்றுவிட்டது. வகுப்பில் ஆசிரியர் ‘என்ன அங்கே அரட்டை’ என்று கேட்டால், பாடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று மாணவன் மறுப்பான். அரட்டை என்ற சொல்லிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை.

அதோடு ஒட்டிவரும் வினையையும் பாருங்கள். அரட்டையைப் பேசுவதில்லை, செய்வதில்லை, அடிக்கிறோம். மணியடித்தல், தந்தியடித்தல், வெள்ளையடித்தல் போன்றவற்றில் கை எதையோ அடிக்கிறது. கையால் அடிக்க முடியாதவற்றை அடிக்கும்போதோ, தமிழ் ஒருவித அத்துமீறலைச் சொல்கிறது: கூத்தடிப்பது, கும்மாளமடிப்பது, கொட்டமடிப்பது, கிண்டலடிப்பது. எல்லாம் கொஞ்சம் அதிகப்படி. பார்ப்பவர் முகம் சுளிக்கவோ சிரிக்கவோ இடம் உள்ளவை. இந்தக் கூட்டத்தில் நிற்கும் ‘அரட்டையடி’யைப் பிடித்து, அதன் வாலில் அலுவலக மரியாதையான ‘-க்கவும்’ என்பதைக் கட்டினால் என்ன ஆகும்? ‘கீழே கையொப்பமிட்டுக் கும்மாளமடிக்கவும்’ என்பதுபோல் ஆகும். அரட்டையடிக்க யாரும் ஆணையிட முடியாது. படிவம் வழியாகக் கேட்டுக்கொள்ளவும் முடியாது.

இதைச் சொன்னால் உடனே மறுப்புகள் வருகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கும் சாட் என்றால் வெட்டிப்பேச்சுதானே, அவர்களுக்கு உறுத்தாதது நமக்கேன் உறுத்த வேண்டும் என்பது முதல் மறுப்பு. உறுத்தாததற்குக் காரணம் உண்டு. அந்தச் சொல் அங்கே பலகாலமாகத் தேய்ந்து வந்திருக்கிறது. மேலதிகாரி ஊழியரை அழைத்துக் கண்டிப்பதற்கு முன்னும், மருத்துவர் நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னும் அதையே சொல்வார்கள். அரட்டை அப்படித் தேயவில்லை. ‘சற்று அரட்டையடிக்க வேண்டும், அறைக்கு வாருங்கள்’ என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். சொன்னால் நோயாளி மருத்துவரை மாற்றிவிடுவார்.

விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ நிகழ்ச்சியைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் எளிய மக்கள் எழுந்து நின்று தங்கள் குறைகளைக் கண்கலங்கப் பேசினார்களே, அது அரட்டையா, அந்தப் பெயர் பொருந்தவில்லையா என்று கேட்கிறார்கள். பொருந்தியதற்குக் காரணமே முரண்தான். பட்டிமன்றம், கருத்தரங்கம் என்று விறைப்பாகப் பெயர் வைக்காமல், சும்மா பேச உட்காருகிறோம் என்று பணிவோடு அழைத்துவிட்டுக் கனமான விஷயத்தைப் பேசுவது ஒரு உத்தி. அழைப்பவருக்கும் வருபவருக்கும் அந்த விளையாட்டு புரிந்திருந்தது. ஸோஹோ நிறுவனம் 2021இல் தன் செய்திச் செயலிக்கு அரட்டை என்று பெயரிட்டதும் அவ்வாறே. ஒரு பொருளின் பெயர் கண்ணடிக்கலாம். நண்பர்களும் உறவினர்களும் கூடும் இடத்துக்கு நல்ல பெயர் அது. 2025 செப்டம்பரில் அந்தச் செயலி திடீரென்று பரவியபோது, தமிழ் அறியாதவர்களுக்குப் பத்திரிகைகள் அதன் பொருளை ‘சாட்’ என்று ஒரே சொல்லில் விளக்கிவிட்டுப் போயின. பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சொற்கள் மாறும், அரட்டையும் உயரும், பொறுத்திருங்கள் என்பது மூன்றாவது மறுப்பு. மாறும்தான். வம்பு என்ற சொல் சங்க காலத்தில் புதுமையையும் நிலையின்மையையும் குறித்தது. குறுந்தொகையில் பருவம் தப்பிப் பெய்த மழைக்கு ‘வம்ப மாரி’ என்று பெயர். இன்று வம்பு என்றால் வேறு. ஆனால் அது பல தலைமுறைகளின் வாயில் புரண்டு புரண்டு மாறிய மாற்றம். பொத்தானில் அச்சிடுவதால் ஒரு சொல் உயர்ந்துவிடுவதில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பொத்தானை அழுத்துபவர்கள்கூட, அழுத்திய பின் ‘வங்கிக்காரர்களோடு அரட்டையடித்தேன்’ என்று வீட்டில் சொல்வதில்லை. ‘பேசினேன்’, ‘எழுதிக் கேட்டேன்’, ‘சாட்டில் கேட்டேன்’ என்கிறார்கள். பேசுபவர் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

சரி, அரட்டையை விரட்டிவிட்டு எல்லா இடத்திலும் உரையாடல் என்று போட்டுவிடலாமா? இப்போது தூய்மை நாடுவோர் சிலர் செய்துகொண்டிருப்பது அதுதான். நண்பர்கள் குழுவுக்குக்கூட ‘குழு உரையாடல்’ என்று பெயர். அரட்டை கீழ்த்தரமாக ஒலிக்கிறதாம். இந்தத் திருத்தம் முதல் பிழையைவிடச் சலிப்பூட்டுவது. உரையாடு என்பதில் உள்ள ஆடு, வாதாடு, ஊடாடு என்பவற்றில்போல, எதிரில் ஒருவர் இருப்பதையும் முறைவைத்துப் போய் வருவதையும் காட்டுகிறது. ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டு மறுமொழி சொல்வார். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதியவை உரையாடல்கள்.

இணையக் குழுவில் நடப்பது அதுவா? ஒருவர் நேற்றுப் பார்த்த படத்தைத் திட்டுவார். அதற்கு மறுப்பு வருவதற்குள் இன்னொருவர் முந்தாநாள் யாரோ கேட்ட கேள்விக்கு விடை சொல்வார். மூன்றாமவர் ஒருவரின் எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு பொழுதெல்லாம் கிண்டலடிப்பார். அரசியலைப் பற்றித் தீர்ப்பே எழுதிவிடுவார் ஒருவர். யாரும் கண்டுகொள்ளாததால் அதையே இன்னொரு முறை எழுதுவார். நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களைப் பேச, ஐந்தாமவர் ஒரு சிரிப்புமுகத்தை வைத்துவிட்டு மறைவார், அது எதற்கான சிரிப்பு என்று தனியாக ஒரு விவாதம் நடக்கும். சீண்டல், நையாண்டி, வம்பளப்பு, கதையளப்பு, காலை வாருதல், திடீர்ப் புலம்பல் எல்லாம் கலந்த இந்தக் குழம்பலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அதைக் கீழ்த்தரம் என்று ஒதுக்குபவர்கள் வாழ்க்கையில் அரட்டையடித்தே இராதவர்கள். அவர்களுக்காக அனுதாபப்படலாம், சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருவள்ளுவர்தான், அளவளாவல் இல்லாதவன் வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததைப் போன்றது என்றும் 523ஆம் குறளில் சொல்லியிருக்கிறார்.

அளவளாவல் அழகான சொல். நெஞ்சு கலந்து பேசுவது. சுற்றத்தோடும் நெருங்கியவரோடும் மட்டும் நடப்பது. இருவர் நள்ளிரவில் தனியே எழுதிக்கொள்வதற்கு அது பொருந்தும். இருநூறு பேர் உள்ள குழுவுக்குப் பொருந்தாது. சொல்லாடல் என்பதை ஆய்வாளர்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இனி அது திரும்பி வராது. பொறாமைப்பட வைப்பது ஈழத்தவரின் ‘கதைத்தல்’தான். நண்பனோடும் கதைக்கலாம், அதிகாரியோடும் கதைக்கலாம், வங்கியோடும் கதைக்கலாம். எங்கும் மதிப்புக் குறையாது. ‘எங்களோடு கதையுங்கள்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் யாழ்ப்பாணத்தவர் யாரும் முகம் சுளிக்கமாட்டார். தமிழ்நாட்டில் கதை என்றதும் அளப்பதும் விடுவதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

வங்கிக்கும் காப்பீட்டுக்கும் என்ன சொல்வது என்பதில் புதிர் எதுவும் இல்லை. ‘எங்களிடம் பேசுங்கள்.’ தொலைபேசி என்று எண்ணிவிடுவார்கள் என்ற கவலை இருந்தால் ‘எழுதிக் கேளுங்கள்.’ இரண்டும் எந்த அகராதியும் தேவைப்படாத தமிழ். இவை ஏன் பொத்தானுக்கு வருவதில்லை என்றால், மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சொல் எந்தத் திரையில், யார் கண்முன், எந்த மனநிலையில் தோன்றும் என்று பட்டியல் சொல்லாது. கேட்டாலும் மேலே யாரும் விடை சொல்வதில்லை என்று இத்தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்; ஆகவே பழி முழுவதையும் அவர்கள் தலையில் போட மனம் வரவில்லை. ஆனாலும் ‘அரட்டை வரலாறு’ என்று தட்டும்போது கை ஒரு கணம் நின்றிருக்க வேண்டாமா? வரலாறு அரசர்களுக்கும் போர்களுக்கும் உரியது. ‘பழைய செய்திகள்’ போதும். ‘அரட்டை காப்புப்பிரதி’ இன்னும் வேடிக்கை. பாதுகாத்து வைக்க வேண்டும் என்று தோன்றினாலே அது அரட்டை இல்லை.

எதிர்ப்புறத்தில் நிற்பவர்களும் குறைந்தவர்கள் அல்லர். வாட்ஸாப் என்ற பெயரையே மாற்றிக் ‘கட்செவி அஞ்சல்’ என்று எழுதுகிறார்கள். கண்ணும் செவியும் என்று நினைத்துச் செய்தார்கள் போலும். கட்செவி என்பது கண்ணையே செவியாகக் கொண்டது என்று பாம்புக்கு நம் முன்னோர் வைத்த பெயர். நிறுவனத்தின் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் மொழி ஒன்றும் குறைந்துவிடாது.

கணினியே பேசும் சாட்பாட்டுக்கு ‘அரட்டை இயந்திரம்’ என்ற பெயரைக் கண்டபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. 1966இல் ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதிய எலிசா நிரல் மனநல மருத்துவரைப் போலக் கேள்வி கேட்டது. அதனிடம் மனத்தைத் திறந்தவர்கள் இருந்தார்கள். அதை அரட்டை என்பது அநியாயம். ஆனால் 1994இல் மைக்கேல் மால்டின் இத்தகைய நிரல்களுக்கு வைத்த பெயர் சாட்டர்பாட். அங்கே பிதற்றல் என்ற பழைய பொருள் வெளிப்படையாகவே நிற்கிறது. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, ‘உங்கள் கேள்விக்கு நன்றி’ என்று தொடங்கி ஊரைச் சுற்றும் இன்றைய வாடிக்கையாளர் சேவை இயந்திரங்களை அரட்டை இயந்திரம் என்று அழைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.