மம்லூக்: சொல்லும் பொருளும்

1206 முதல் 1290 வரை டெல்லியை ஆண்ட துருக்கியரைப் பள்ளியில் ‘அடிமை வம்சம்’ என்று படித்திருப்போம். அடிமை எப்படி அரியணை ஏறினார் என்ற கேள்வி அப்போதே எனக்கு எழுந்தது. அதற்கு விடை மம்லூக் என்ற மூலச்சொல்லில் இருக்கிறது.

இது அரபுச் சொல். வேர் ம-ல-க, அதாவது உடைமையாகக் கொள்ளுதல். மாலிக் என்றால் உடையவர், மலிக் என்றால் அரசர். மம்லூக் என்பவர் உடைமையாக்கப்பட்டவர். அரசரும் அடிமையும் ஒரே வேரில் கிளைத்திருக்கிறார்கள்!

பொதுவாக அடிமையைக் குறிக்க அரபியில் ‘அப்து’ என்ற சொல் உண்டு. மம்லூக் பெரும்பாலும் போருக்கென்று வாங்கி வளர்த்தவரைக் குறித்தது. நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து துருக்கிச் சிறுவர்களை விலைக்கு வாங்கி, குதிரையேற்றமும் வில்வித்தையும் பழக்கினார்கள். டெல்லியில் இந்த ஆட்சியைத் தொடங்கிய குத்புதீன் ஐபக் அப்படி வந்தவர்தான். பாரசீக நகரான நிஷாப்பூரில் ஒரு காஜி (இஸ்லாமிய நீதிபதி) வீட்டில் வளர்ந்து, அப்புறம் கோரி முகமதுவிடம் சேர்ந்தார். ஐபக் விலைக்கு வாங்கிய இல்துத்மிஷ், பின்னாளில் அவருக்கே மருமகனானார்.

இஸ்லாமியச் சட்டப்படி அடிமை அரசாள முடியாது. இல்துத்மிஷ் அரியணை ஏறியதும் சட்ட அறிஞர்கள் அவரைப் பார்க்க வந்தார்களாம். வந்த காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. தான் அமர்ந்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்த விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். நூறாண்டுக்கு மேல் கழித்து டெல்லி வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா எழுதிவைத்த செய்தி இது.

ஆகவே, விடுதலை பெற்று ஆண்டவரை ‘அடிமை’ என்பது பாதி உண்மைதான். இல்துத்மிஷுக்குப் பின் டெல்லியை ஆண்ட அவர் மகள் ரசியா அடிமையாக இருந்ததே இல்லை. ‘வம்சம்’ என்பதும் சரியாகப் பொருந்தவில்லை. ஐபக், இல்துத்மிஷ், பின்னாளில் ஆண்ட பால்பன் மூவரும் மூன்று தனிக் குடும்பத்தார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? அந்த அரபு வேரைப் போலவே நம்மிடம் ‘ஆள்’ இருக்கிறது. ஆள்வதும் ஆள், அடிமையும் ஆள். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தன் அடிமை என்று வாதாட முதியவர் காட்டுவது ‘ஆளோலை’. அதே சுந்தரருக்கு ‘ஆளுடைய நம்பி’ என்றும் பெயர். சோழர் கல்வெட்டுகளில் அரசரைக் குறிக்கும் ‘உடையார்’, மாலிக்குக்கு நேர் நிற்கிறது.

ஆனாலும் வெறும் ‘ஆள்’ என்று எழுதினால் இன்று யாருக்கும் விளங்காது. மம்லூக்குக்கு நான் எழுதுவது ‘படையடிமை’. ஆட்சியாளர்களைச் சொல்லும்போது ‘டெல்லி மம்லூக் அரசர்கள்’ என்பேன். எகிப்தை 1250 முதல் 1517 வரை ஆண்டவர்களும் மம்லூக்குகள்தான் என்பதால், ஊர்ப்பெயரை விட்டுவிடக் கூடாது.